கண்ணாடிக்காரன் வீட்டு டெஸ்க்டாப்

"பொறுப்பில்லாத ஜென்மம்!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பூட்டிக் கிடந்த செருப்புக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டே பேர். தோள்பையைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதி நனைந்து நின்ற அவள். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மழையோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்த அவன்.

"காலையிலயே வருவாங்கன்னு சொன்னீங்க. கடையைப் பாதியில போட்டுட்டு நான் வீட்டுக்கு ஓடறேன். ஆளையே காணோம்னு அப்பா சொல்றாரு. ஒரு கம்ப்யூட்டரைப் பாக்க வர்றதுக்கு இத்தனை பந்தாவா?"

போனின் மறுமுனையில் இருந்து ஒரு குரல் கசிந்து வந்தது. தெரிந்த குரல். ரொம்பவே தெரிந்த குரல்... அவளுடைய அண்ணன்!

"கோச்சுக்காதீங்க சார்... அவ எப்பவோ கிளம்பிட்டா சார்... மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பா..."

"அவளா? ஆள் அனுப்பறேன்னுதானே சொன்னீங்க?"

அவ்வளவுதான். அவள் தொண்டையைச் செருமினாள்.

"நானும் ஆள்தான்."

அவன் திரும்பினான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. போன் மெல்லக் காதை விட்டு இறங்கியது.

"நீங்க...?"

"பொறுப்பில்லாத ஜென்மம்."

மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். வழிவான் என்றாவது எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. அவன் அவள் முகத்தையே... இல்லை, கண்களையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"உங்க கண்ணாடி."

"என் கண்ணாடிக்கு என்ன?"

"இடது பக்கம் இறங்கியிருக்கு. ஸ்க்ரூ இருக்கவேண்டிய இடத்துல ஒயர் கம்பியைச் சுத்தி வெச்சிருக்கீங்க. சாயங்காலமானா தலை வலிக்குமே?"

வலிக்கும். தினமும் வலிக்கும். அதை இவனிடம் ஒப்புக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

"ரிப்பேருக்குக் கூப்பிட்டது கம்ப்யூட்டருக்கா, என் கண்ணாடிக்கா?"

"தொழில் புத்தி... மன்னிச்சுக்குங்க. தெருமுனைக் கண்ணாடிக் கடை என்னுதுதான்."

ஆக, ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவன். அதனால்தான் அந்தப் பார்வை. காது மடல் சுட்டதெல்லாம் வீணா... அவளுக்கு எதற்காகவோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அதை மழையில் போட்டு நனைத்துவிட்டு, "வீடு எந்தப் பக்கம்?" என்றாள் விறைப்பாக.

* * *

மாடி வீடு. அப்பாவும் மகனும் மட்டும் வாழும் வீடு என்பது வாசலிலேயே தெரிந்தது. நாற்காலி முதுகில் சட்டை காய்ந்தது. ஜன்னலோரம் மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று மகன் சொன்னான். அகலமான தோள், ஆள்காட்டி விரலில் காய்ப்பு.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றார் பெரியவர்.

யாரும் கேட்கவில்லை!

எத்தனையோ வீடுகளில் கேட்டுப் பழகிய வாக்கியம் அது. கேட்காமலே வந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கும். அவள் புன்னகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாஸ்வேர்டு போட்டாள். வாங்கிக்கொண்டது. அடுத்த விநாடி... கறுப்பு. ஐகான் இல்லை, கீழே பட்டை இல்லை, கடிகாரம் இல்லை. கும்மிருட்டில் ஒற்றை அம்புக்குறி மட்டும் வழி தவறிய ஆள் மாதிரி நின்றது.

"எல்லாம் போச்சா?" மகனின் குரல் இறங்கியிருந்தது. "கடை ஆர்டர் எல்லாம் இதுலதான் இருக்கு. அம்மா போட்டோவும்..."

"ஒண்ணும் போகல. உள்ள பத்திரமா இருக்கும். வெளிய வர வழி தெரியாம நிக்குது, அவ்வளவுதான்."

"அழிச்சிட்டுப் புதுசா போட்டுட்டா சீக்கிரம் முடியும்னு பக்கத்துக் கடைல சொன்னாங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விழிகளும் தீக்குச்சி மாதிரி பற்றிக்கொண்டன.

"நான் எதையும் அழிக்க மாட்டேன். சந்தேகம் வந்ததைப் பேரை மாத்தி ஓரமா வெப்பேன். தப்பு பண்ணினது எதுன்னு தெரிஞ்சதும் மத்ததெல்லாம் அது அது இடத்துக்குத் திரும்பி வந்துடும். என் வேலை அப்படி. பிடிக்கலன்னா பக்கத்துக் கடைக்காரரையே கூப்பிடுங்க."

"பிடிக்கலன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றான் அவன் மெதுவாக.

குரலில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை... அவளுடைய விரல்தான் தேவையில்லாமல் தப்பான பட்டனைத் தட்டியது.

புதிதாக வேறொரு பெயரில் கணக்குத் திறந்து உள்ளே போனாள். பளிச்சென்று டெஸ்க்டாப் விரிந்தது. பட்டை, கடிகாரம், எல்லாம் அழகாக.

"பாத்தீங்களா? வீடு நல்லாத்தான் இருக்கு. உங்க அறைக் கதவு மட்டும்தான் மாட்டிக்கிச்சு. யாரோ உள்ள எதையோ நகத்தியிருக்காங்க."

பெரியவர் இருமினார். அதற்குள் மகனின் போன் அலறியது. கடையில் ஆள் காத்திருக்கிறாராம். "அப்பா, அவங்களுக்கு டீ குடுங்க... நான் இதோ வந்துடறேன்" என்று அவன் படியில் தடதடத்தான்.

அவள் செட்டிங்ஸ் இருந்த போல்டருக்கு 'பழசு' என்று பெயர் மாற்றி ஒதுக்கினாள். பழைய கணக்கு இப்போது திறந்தது. வெறும் சுவரோடு, புது வீடு மாதிரி. இனி, ஒதுக்கியதில் இருந்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். திருடன் கிடைக்கும் வரைக்கும்.

சமையலறையில் இருந்து டீ ஊற்றும் சத்தம். தற்செயலாகத் திரும்பியவள் அப்படியே நின்றுபோனாள். பெரியவர் டம்ளரின் விளிம்புக்கு உள்ளே விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார். விரலை உதறிக்கொண்டார்.

அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அடுத்த செட்டிங்கை உள்ளே விட்டாள். திரை மறுபடி கறுத்தது. சிக்கிக்கொண்டது திருடன்! இணையத்தில் இருந்து இறக்கிப் போட்ட, எழுத்தைப் பூதாகரமாகக் காட்டும் சமாச்சாரம். ரொம்பப் பழையது. டெஸ்க்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது அதோடு ஒத்துப்போகாமல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. கூடவே, எழுத்தின் அளவு உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் வைக்க முடியாத அளவுக்கு.

கண்ணாடிக்காரன் வீட்டில், யாருக்கு இவ்வளவு பெரிய எழுத்து?

டம்ளரோடு வந்த பெரியவர் அவள் மௌனத்தைப் புரிந்துகொண்டார்.

"அவன்கிட்ட சொல்லிடாத, கம்ப்யூட்டர் டாக்டரம்மா."

"அய்யா... எவ்ளோ நாளா?"

"மேல கிரேன்ல உக்காந்து, கீழ நிக்கறவன் விரல் அசைக்கறதைப் பாத்துச் சரக்கு இறக்கினவன் நான். இப்ப அவன் முகமே புகை மூட்டம் மாதிரி தெரியுது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கத்தி வெச்சாங்க. அப்புறம் அவர் வெளிச்சத்தையே பாக்கல. எனக்குக் கத்தின்னா பயம்மா. இந்த வயசுல இதைப் போய் பெத்த பிள்ளைகிட்ட எப்படிச் சொல்ல?"

"அவர் தொழிலே கண்ணு பாக்கறதுதானே? உங்களைப் பாக்கலையா?"

"பாப்பான். கடையில உக்கார வெச்சு எழுத்து போர்டைப் படிக்கச் சொல்லுவான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் அதை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் கடைசியில். "ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்களே அவர்கிட்ட சொல்லணும், சீக்கிரமா. கண்ணு விஷயத்துல நாள் கடத்தக் கூடாது."

"சொல்றேன். சமயம் பாத்துச் சொல்லிடறேன்."

பழைய சமாச்சாரத்தை எடுத்து ஓரம் வைத்தாள். கம்ப்யூட்டரோடு வந்த உருப்பெருக்கியே போதும், எந்தெந்தப் பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் கெட்டிக்காரப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

மகன் மூச்சிரைக்க வந்தபோது டெஸ்க்டாப் பழைய கோலத்தில் சிரித்தது. ஐகான்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"பழைய சமாச்சாரம் ஒண்ணு புது டெஸ்க்டாப்போட ஒத்துப்போகல. ஓரமா எடுத்து வெச்சாச்சு."

"அவ்வளவுதானா?"

"கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அவ்வளவுதான்."

வெளியே இன்னும் தூறல். அவன் வாசல் மூலையில் இருந்த குடையை எடுத்து நீட்டினான்.

"வேணாம்... திருப்பித் தர வரணும்."

"அதுக்காகத்தானே தர்றேன்," என்றான் அவன்.

* * *

குடையைத் திருப்பித் தர ஒரு வாரம் மழை விடவில்லை என்று அவள் அண்ணனிடம் சொன்னாள். "மழை விட்டப்புறம் குடை எதுக்கு, மழைல குடுக்கலாமே" என்று அண்ணன் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கண்ணாடிக் கடையில் சுவரெல்லாம் வெற்றுக் கண்ணாடிகள் அவளையே பார்த்தன. எதிர்ச் சுவரில் அந்த எழுத்து போர்டு. விளிம்பு பழுத்து, மேலே யானை அளவு எழுத்து, கீழே எறும்பு அளவு.

"இதைத் தூக்கிட்டு ஸ்கிரீன் வெக்கப் போறேன். நீங்கதான் வந்து போட்டுத் தரணும்," என்றான் அவன்.

"ஏன், இது நல்லாத்தானே இருக்கு?"

"ஆகிவந்த போர்டுதான். எங்கப்பா இன்னிக்கும் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிப்பாரு தெரியுமா? அவர் வயசுக்காரங்க யாரும் அப்படிப் படிச்சு நான் பாத்ததில்ல." அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னும் சொல்லவில்லையா அவர்?

"உக்காருங்க. அந்த ஒயர் கம்பியை எடுத்துட்டு ஒரு ஸ்க்ரூ போட்டுத் தர்றேன். என்னால பாத்துக்கிட்டிருக்க முடியல."

"பாக்காதீங்க."

"அதான் முடியலன்னு சொல்றேன்..."

அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான்கூடவா?"

"அது ஒரு நிம்மதி."

சிரித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் குடையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, கையிலேயே இருக்கிறது என்று தெரிந்தது.

* * *

அடுத்த போன் வேறு மாதிரி வந்தது.

"ஏய் பொடிசு, என்ன பண்ணிட்டு வந்தே?" அண்ணன் கடுகடுத்தான். "கண்ணாடிக்கடைக்காரர் வீட்ல மறுபடியும் கறுப்பாயிடுச்சாம். காய்ச்சி எடுக்கறாரு."

அவள் போனபோது அவன் மேஜை பக்கத்திலேயே நின்றிருந்தான். கண்ணில் பழைய மழைத்துளி இல்லை. வெயில்.

"காலைல லென்ஸ் ஆர்டர் அனுப்பியே ஆகணும். அனுப்ப முடியல. ஒரு வாடிக்கையாளர் திட்டிட்டுப் போயிட்டாரு. சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கவே வேண்டியதில்லை. அதே பூதக்கண்ணாடி சமாச்சாரம், மறுபடியும் இறக்கிப் போட்டிருக்கிறார்கள்.

தலையைத் திருப்பினாள். அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு பெரியவர் நின்றார். மகன் முதுகு திரும்பியிருந்த நேரத்தில் அவள் காதருகே குனிந்தார்.

"நீ சொல்லிக் குடுத்த பட்டன்... அது எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியலம்மா."

அவள் கீபோர்டில் இருந்த எறும்பு எழுத்துகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றான் மகன், அவள் மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு. "குடையைச் சாக்கா வெச்சு வந்து சிரிச்சுப் பேசத் தெரியுது. வேலை மட்டும் தெரியல."



ஒரே ஒரு வார்த்தை போதும். 'உங்கப்பாவைக் கேளுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் நிமிர்ந்து நடந்து போகலாம், அவன் தலை குனிந்து நிற்பான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவோரம் திரும்பிப் போய் நின்ற அந்த அகலமான தோள் சுருங்குவதைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"சரியா முடிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

அதில் பொய் இல்லை. பார்வை மங்கியவருக்குப் பட்டன் சொல்லிக் கொடுத்த முட்டாள் அவள்தானே!

விறுவிறுவென்று வேலையை முடித்தாள். திரை ஒளிர்ந்தது. குடையை மூலையில் சாய்த்தாள்.

"இனிமே ஏதாவதுன்னா எங்கண்ணனைக் கூப்பிடுங்க."

படியிறங்கும்போது கண்ணாடி ஏன் மங்கலாகிறது என்று துடைத்துப் பார்த்தாள். வெளியே மழை இல்லை.

* * *

அண்ணனுக்கு அந்த வாரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது.

"கடைக்கு ஸ்கிரீன் போட்டுத் தர்றேன்னு வாக்குக் குடுத்தாச்சு. நீதான் போகணும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம போய்ட்டு வா."

போனாள். மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்துக்கொண்டாள். அவனும் சளைக்கவில்லை.

"ஒயர் எங்க விடணும்?"

"அங்க."

"ஆணி?"

"இங்க."

பழைய போர்டைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. அங்கே திரையை மாட்டினாள். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி இரண்டு பட்டன்களுக்கு வேலை வைத்தாள். ஒன்றை அழுத்தினால் பழைய போர்டில் இருந்த அதே எழுத்துகள், அதே வரிசை. இன்னொன்றை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் எழுத்துகள் கலைந்து புதிதாக வரும்.

"அன்னிக்கு நான் பேசினது..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஒயரை மிதிக்கறீங்க."

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுக் கேரியரோடு பெரியவர் வாசலில் நுழைந்தார். பழகிய கடை, பழகிய படி. தடுமாறாமல் ஏறினார்.

"அப்பா! சரியான நேரத்துல வந்தீங்க. புது ஸ்கிரீன் பாருங்க. முதல் ஆள் நீங்கதான், உக்காருங்க!" அவன் கேரியரை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "நம்ம பழைய போர்டுதான், ஸ்கிரீன்ல."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டரம்மாதான் வந்திருக்காங்களா?"

"ஆமாய்யா," என்றாள் அவள்.

அவள் விரலுக்குக் கீழே இரண்டு பட்டன்கள்.

முதல் பட்டனை அழுத்தினால் போதும். இன்றைய பொழுது தப்பிக்கும். நாளையும் தப்பிக்கும். அதற்குப் பிறகு? விரலை வைத்து டீ ஊற்றும் மனிதர், ஒரு நாள் இதே தெருவைக் கடக்கும்போது...

பெரியவர் அவளைக் கெஞ்சலாகப் பார்த்தார். ஆனால் அவள் அங்கே இல்லை. குரல் கொடுத்த பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்தாள். அவர் கெஞ்சிக்கொண்டிருந்தது, பிரேம்கள் மாட்டிய ஸ்டாண்டை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பட்டனை அழுத்தினாள்.

"ட..." என்று கம்பீரமாக ஆரம்பித்தார் பெரியவர்.

திரையில், யானை அளவில், 'ந' நின்றது.

"ப... ர... ம..."

மகனின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. திரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி திரை.

"க... ய... ட... வ..." அவர் நிறுத்தவில்லை. வரி வரியாக இறங்கினார். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு எழுத்து பிசகவில்லை. திரையில் இல்லாத போர்டை, கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்த போர்டை, எறும்பு வரி வரைக்கும் ஒப்பித்து முடித்தார். பிறகு மகன் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"என்னடா... சரிதானே?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. கடைக்குள் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில்தான் அவருக்குப் புரிந்தது.

மகன் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். ஊரில் எத்தனை கண்களைப் பார்த்தவன்! கருவிழிக்கு நடுவே பால் மாதிரிப் படர்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தான்.

"எத்தனை நாளாப்பா...?"

"அந்தப் பொண்ணைத் திட்டாதடா," என்றார் பெரியவர், கேட்டதற்குப் பதில் சொல்லாமல். "கம்ப்யூட்டரை ரெண்டு தடவையும் கெடுத்தது நான்தான். எழுத்துப் பெருசாத் தெரியணும்னு எதையோ இறக்கிப் போட்டேன். அன்னிக்கு நீ அவளை அப்படிப் பேசினப்பவே சொல்லியிருக்கணும்... வாய் வரல."

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

அவன் உதடு துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா... அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட ஆரம்பித்தான். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவள். மகனிடம் மறைத்தவள். இரண்டு பேருக்கும் அவள் வேண்டாதவள் ஆகிவிட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மழை அவளுக்காகவே காத்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டது. குடையும் இல்லை.

* * *

அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க்டாப் திறக்கிற அந்த ஒரு விநாடி இருட்டில், யார் முகமோ வந்து போனது.

ஒரு நாள் அண்ணன் போனை வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"கண்ணாடிக்கடைக்காரர் வீட்ல மறுபடியும் டெஸ்க்டாப் போச்சாம்."

"நீ போ."

"நீதான் வரணுமாம். 'ஆள்' அனுப்புங்கன்னு ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாரு."

மழைத் தூறலில் அந்த மாடிப்படி ஏறினாள். கதவைத் தட்டும் முன்பே திறந்தது. பெரியவர்! ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. இன்னொரு கண் அவளை மேலும் கீழும் அளந்தது.

"என்ன டாக்டரம்மா... அந்த ஒயர் கம்பியை இன்னுமா மாத்தல?"

அவள் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. பார்த்துவிட்டார்! எறும்பு அளவு கம்பியை, வாசலில் நின்றபடி பார்த்துவிட்டார்!

"அய்யா...!"

"வெறும் புரைதானாம். முதல் கண்ணை முடிச்சு நாளாச்சு, நேத்து அடுத்தது. கத்தி பட்டதே தெரியல. அண்ணனுக்கு வந்தது வேற ஏதோவாம், அதை நெனச்சு இத்தனை நாள் நடுங்கிச் செத்தேன்." அவள் தலையில் கை வைத்தார். "பயந்தது நான். திட்டு வாங்கினது நீ. நீ அந்தப் பட்டனை அழுத்தலன்னா இன்னும் மனப்பாடம் பண்ணிக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

"கம்ப்யூட்டர்...?" என்றாள்.

"அதை அவனைக் கேளு. நான் கெடுக்கலம்மா, இந்தத் தடவை நெஜமாவே நான் ஒண்ணும் பண்ணல." உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் சாத்தினார்.

ஜன்னலோரம் அவன் நின்றிருந்தான். மேஜை மேல் கம்ப்யூட்டர். பட்டை, ஐகான், கடிகாரம்... எல்லாம் ஜொலித்தன.

"எது வேலை செய்யல?" என்றாள்.

"எதுவும் கெடல."

"பொய் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

"மன்னிப்புக் கேக்கணும்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். சட்டைப் பையில் இருந்து தையல் ஊசி அளவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "கண்ணாடியைக் கழட்டுங்க. இன்னிக்கு இந்த ஒரு ரிப்பேர் மட்டும் நான் பண்றேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே..."

"அதுக்காகத்தான் கழட்டச் சொல்றேன்."

கழற்றிக் கொடுத்தாள். உலகம் கரைந்தது. ஜன்னல் ஒரு வெளிச்சத் திட்டு, மழை ஒரு சத்தம், அவன் ஒரு நீலச் சட்டை. அந்த நீலத்தில் இருந்து குரல் வந்தது.

"ஊர்ல எல்லார் கண்ணையும் பாத்தேன். வீட்ல இருக்கறவர் கண்ணைப் பாக்கல. நீங்க பாத்தீங்க. பாத்துட்டு, என்கிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு, வாயைத் திறக்காம போனீங்க. அன்னிக்கு நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும்... மன்னிச்சுடுங்க."

சின்னதாகக் கிர்ர்ர் என்று ஸ்க்ரூ திரும்பும் சத்தம். டிரைவர் ஒரு தடவை கீழே விழுந்தது.

"இன்னொண்ணும் இருக்கு. உங்களுக்கு என் முகம் தெரியும்போது இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது." மூச்சை இழுத்துக்கொண்டான். "செருப்புக் கடை வாசல்ல உங்க கண்ணாடியைத்தான் பாத்தேன்னு சொன்னேனே... அது பொய். கண்ணாடிப் பக்கம் அப்புறம்தான் போனேன். முதல்ல பாத்தது கண்ணைத்தான். அன்னியிலேர்ந்து வேற எதுவும் சரியாத் தெரியல. எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

மழை கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அவள் கை நீட்டினாள்.

"கண்ணாடியைக் குடுங்க."

"ஏன்?"

"சொன்ன ஆள் யாருன்னு பாக்க வேணாமா?"

அவன் தானே மாட்டிவிட்டான். விரல் நுனி காதோரம் பட்டு, பதறி விலகியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு உலகம் சாயாமல் நேராக நின்றது. அதன் நடுவில், காது வரை சிவந்த ஒரு கண்ணாடிக்காரன்.

"இப்ப... திரும்பச் சொல்லுங்க."

"நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதா?"

உள்ளறையில் இருந்து அதட்டல் வந்தது. "சத்தமாச் சொல்லுடா! எனக்குக் கண்ணுதான் புதுசு, காது பழசு!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் கண் நிறைந்தது. அவன் சொன்னான். பார்த்த கண்ணை எடுக்காமல், அதே வார்த்தைகளை, ஒன்று விடாமல் சொன்னான்.

"தெரியுதா?" என்று கேட்டான் கடைசியில், அவள் முகத்தையே தேடிக்கொண்டு.

"கடைசி வரி வரைக்கும்..." என்றாள் அவள்.